தேடினால் வரவில்லையா? உரைத் தேடலின் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிப்பது

"தேடல் சரியில்லை." எல்லாப் புகாரும் இந்த ஒரு வரியில்தான் வரும். இதை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. என்ன தேடினார்கள், எந்த ஆவணம் வந்திருக்க வேண்டும், அதற்குப் பதில் என்ன வந்தது என்ற மூன்றையும் முதலில் எழுதி வாங்குங்கள். தேடிய சொல்லை ஸ்கிரீன்ஷாட்டாக வாங்காதீர்கள், எழுத்தாகவே காப்பி செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

தமிழ் ஆவணங்கள் நிறைந்த தேடல்களைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளங்கள், சொந்தமாகப் பைத்தான் நிரல்மொழியில் எழுதியது என எதுவாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான். செலவில்லாத சோதனைகள் முதலில், இன்டெக்ஸை (தேடுவதற்காகச் சொற்களை அடுக்கிவைத்த அட்டவணையை) மறுபடி கட்டும் வேலை கடைசியில். ரேங்கிங் அமைப்புகளை, அதாவது எந்த முடிவு மேலே வரும் என்று தீர்மானிப்பவற்றை, மட்டும் எடுத்த எடுப்பில் தொடாதீர்கள். நான் ஆரம்பத்தில் வாரக்கணக்கில் அங்கேதான் திருகிக்கொண்டிருந்தேன். கோளாறோ, உரை உள்ளே போன இடத்தில் இருந்தது.

## கை வைப்பதற்கு முன்

மூன்று ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஆவண எண்ணைக் கொடுத்து அந்த ஆவணத்தை நேரடியாக எடுக்கும் வழி. இரண்டு, ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் அது எந்தெந்த டோக்கன்களாக, அதாவது சொல் துண்டுகளாக, வெட்டப்படுகிறது என்று காட்டும் வழி. எலாஸ்டிக்சர்ச்சில் இதற்கு ‘அனலைஸ்’ என்றே ஒரு வசதி இருக்கிறது. சொந்தமாக எழுதியது என்றால் அந்த வெட்டும் ஃபங்ஷனைத் தனியாக ஓட்டி அச்சிட்டுப் பாருங்கள். மூன்று, ஒரு ஆவணத்துக்கு ஏன் இந்த ஸ்கோர் (மதிப்பெண்) வந்தது என்ற கணக்கு, அதாவது ‘எக்ஸ்ப்ளெயின்’. கீழே வரும் சோதனைகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைப் பார்ப்பதுதான்.

## அறிகுறி 1: ஆவணம் கண்முன்னால் இருக்கிறது, தேடினால் பூஜ்யம்

### அது இன்டெக்ஸில் இருக்கிறதா?

எண்ணைக் கொடுத்து எடுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் தேடலில் குறையில்லை. ஏற்றும் வேலை எங்கோ வழுக்கியிருக்கிறது. மொத்தமாக ஏற்றும்போது ஆயிரத்தில் ஒரு ஆவணம் நிராகரிக்கப்பட்டாலும் வேலை ‘வெற்றி’ என்றே முடியும். உள்ளே ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனித்தனியாக வரும் பதிலைப் படித்தால்தான் தேதி தப்பான வடிவில் இருந்த அந்த ஒன்று தெரியும்.

இப்போதுதான் ஏற்றினீர்களா? எலாஸ்டிக்சர்ச் புதிய ஆவணங்களைத் தேடலுக்குக் காட்டுவது இயல்பாக 1 வினாடிக்கு ஒருமுறை. வேகமாக ஏற்றுவதற்காக அதை நிறுத்திவைத்துவிட்டு மறுபடி போட மறந்திருந்தால், ஆவணம் எண்ணுக்கு வரும், தேடலுக்கு வராது. எனக்கு இது இரண்டு முறை நடந்திருக்கிறது, இரண்டு முறையும் மறந்தவன் நானே.

### ஃபில்டர், ஃபீல்டு, வினவல் வகை

தேதி, வகை, மொழி என்று பின்னால் ஒட்டியிருக்கும் எல்லா ஃபில்டரையும் கழற்றிவிட்டுத் தேடுங்கள். கிடைத்துவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள்.

கிடைக்கவில்லையா? தேடும் ஃபீல்டு (தலைப்பு, உள்ளடக்கம் போன்ற ஆவணத்தின் ஒரு பகுதி) சொற்களாக வெட்டப்படும் வகையா, முழு வரியையும் ஒரே துண்டாக வைக்கும் வகையா என்று பாருங்கள். இரண்டாவது வகையில் ‘நீர் மேலாண்மை அறிக்கை’ என்ற தலைப்பை ‘நீர்’ என்று தேடினால் வராது. எலாஸ்டிக்சர்ச் தானாக உருவாக்கும் இந்த வகை ஃபீல்டில் இன்னொரு பொறியும் உண்டு: 256 எழுத்துக்கு மேல் நீண்ட மதிப்பு இன்டெக்ஸிலேயே சேராது, பிழைச் செய்தியும் வராது. நீளத் தலைப்புகள் மட்டும் காணாமல் போகின்றன என்றால் இங்கே பாருங்கள்.

குறுஞ்சொற்கள் மட்டும் வருவதில்லை என்றால், குறைந்தபட்ச நீளம் என்ன என்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் இன்னோடிபி முழு உரைத் தேடலில் அது இயல்பாக 3. ‘தீ’, ‘பூ’, ‘கை’ எல்லாம் கணினிக் கணக்கில் இரண்டே எழுத்து, ‘த’ போன்ற அகர எழுத்தும் உயிர்க்குறியும். அதனால் அவை உள்ளேயே போகாது.

### உரை என்று உள்ளே போனது என்ன?

இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆவணத்தை எண்ணால் எடுத்து, சேமித்திருக்கும் உரையின் முதல் பத்து வரியைக் கண்ணால் படியுங்கள். நான்கில் ஒன்று தெரியும்.

*காலியாக இருக்கிறது.* பிடிஎஃப் வெறும் படம். அதில் எழுத்தே இல்லை. ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் கருவி) ஓட்ட வேண்டும். டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளில் தமிழுக்கு மாடல் இருக்கிறது, சுத்தமான அச்சுப் பக்கங்களுக்கு அதுவே போதும்.

*ஆங்கில எழுத்துகளின் குப்பை.* பழைய ஃபாண்ட் என்கோடிங், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த முறை. சொற்களின் நடுவிலும் முடிவிலும் அரைப்புள்ளி கொட்டிக் கிடந்தால் பெரும்பாலும் பாமினி, ஏனென்றால் அதில் மெய்யின் புள்ளி உட்கார்ந்திருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். திஸ்கி, டாம், டாப் என்று மற்றவையும் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவி கிடைக்கும். ஆனால் ஒரே ஆவணத்தில் இரண்டு ஃபாண்ட் கலந்திருந்தால், ஃபாண்ட் பெயரைப் பார்த்துப் பகுதி பகுதியாக மாற்ற வேண்டும். மொத்தமாக மாற்றினால் அதில் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழாகிவிடும்.

*தமிழ்தான், ஆனால் கொம்பு இடம் மாறியிருக்கிறது.* ‘பெட்டி’ என்பது ‘ெபட்டி’ என்று வந்திருக்கும். பிடிஎஃப்பில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிந்திருக்கின்றன, எடுத்த கருவி அதை அப்படியே கொட்டிவிட்டது. வேறொரு கருவியால் எடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பக்கத்தைப் படமாக்கி ஓசிஆர் ஓட்டுவது, வரிசையைச் சரிசெய்ய நிரல் எழுதுவதைவிடச் சீக்கிரம் முடியும்.

*நன்றாகத்தான் இருக்கிறது.* அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

### கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

ஸ்கிரீன்ஷாட் வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். தேடிய சொல்லையும் ஆவணத்தில் உள்ள சொல்லையும் எழுத்தெழுத்தாக யூனிகோட் எண்களாக அச்சிட்டு அருகருகே வையுங்கள். பார்வைக்குப் பொறுக்கி எடுத்தாற்போல ஒரே மாதிரி இருப்பவை உள்ளே வேறாக இருக்கும்.

முதல் வகை, ‘ொ’. இதை ஒரே குறியாகவும் வைக்கலாம், ‘ெ’, ‘ா’ என இரண்டு குறியாகவும் வைக்கலாம். ‘ோ’, ‘ௌ’ இரண்டுக்கும் இதே கதை. யூனிகோடே இவற்றைச் சமம் என்று அறிவித்திருப்பதால், இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை இரண்டு பக்கமும் ஓட்டினால் தீர்ந்தது. ஆவணத்துக்கும் ஓட்ட வேண்டும், தேடும் சொல்லுக்கும் ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

இரண்டாவது வகைக்கு என்எஃப்சி உதவாது. ‘அவா்கள்’ என்ற சொல்லை உற்றுப் பாருங்கள். அதில் இருப்பது ‘ர்’ இல்லை, துணைக்கால் மேல் புள்ளி. பழைய ஃபாண்டிலிருந்து மாற்றிய உரைகளில் இது கொத்துக் கொத்தாகக் கிடக்கும். தமிழில் துணைக்காலுக்குப் பின் புள்ளி வரவே முடியாது, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ‘ர்’ என்று மாற்றிவிடலாம்.

‘கௌரவம்’ அவ்வளவு எளிதில்லை. பலர் ‘கெளரவம்’ என்று கொம்பும் ‘ள’வும் போட்டு அடித்திருப்பார்கள். எல்லா இடத்திலும் மாற்றினால் ‘தெளிவு’, ‘வெள்ளம்’ இரண்டும் சிதையும். நான் வைத்திருக்கும் விதி இது: கொம்புக்குப் பின்வரும் ‘ள’ மீது உயிர்க்குறியோ புள்ளியோ இல்லையென்றால் மட்டும் மாற்று. ‘மெளனம்’, ‘பெளர்ணமி’, ‘வெளவால்’ எல்லாம் சரியாகும், ‘தெளிவு’ தப்பிக்கும். ‘ஒளவையார்’ போன்றவற்றுக்கும் இதே விதிதான். முதல்முறை ஓட்டும்போது மாறப்போகும் சொற்களைத் தனியே பட்டியலாக எடுத்து ஒருமுறை கண்ணால் ஓட்டிவிடுங்கள், பத்து நிமிட வேலை.

‘ஸ்ரீ’யும் இப்படித்தான். சில விசைப்பலகைகள் அதை ‘ஸ’ வைத்துக் கட்டும், சில ‘ஶ’ வைத்து. திரையில் வித்தியாசமே தெரியாது. ஏதாவது ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வலைப்பக்கங்களிலிருந்து வெட்டி ஒட்டிய உரையில் அகலமில்லாத இணைப்புக் குறிகளும் ஒளிந்திருக்கும். இன்டெக்ஸுக்குள் போகும் பிரதியிலிருந்து அவற்றை எடுத்துவிடுங்கள், காட்டும் பிரதியில் இருந்துவிட்டுப் போகட்டும்.

### சொல் எங்கே வெட்டப்படுகிறது?

இதுவரை எல்லாம் சரி, இன்னும் வரவில்லை என்றால் இரண்டாவது ஜன்னலைத் திறங்கள். ‘கணினி’ என்று கொடுங்கள். ஒரே டோக்கனாக ‘கணினி’ வந்தால் நல்லது. ‘கண’, ‘ன’ என்று இரண்டாக வந்தால் திருடன் அகப்பட்டான்.

பைத்தானின் ரெகெக்ஸில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறியீட்டு மொழி) ‘சொல்லின் எழுத்து’ என்பதைக் குறிக்கும் பின்சாய்கோடு டபிள்யூ, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை. அவை அதற்கு இடைவெளி மாதிரி. சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் தொகுப்பில் உரையை எண்களாக மாற்றும் வெக்டரைசர்கள் இயல்பாக இந்தக் குறியைத்தான் நம்பியிருக்கின்றன. போதாததற்கு, இரண்டு எழுத்துக்குக் குறைந்த துண்டுகளைத் தூக்கியும் எறிந்துவிடும். விளைவைப் பாருங்கள். ‘கணினி’ ‘கண’ ஆகிறது. ‘கண்’ணும் ‘கண’ ஆகிறது. கண் நோய் பற்றித் தேடினால் கணினி பற்றிய கட்டுரைகள் வரிசையில் வந்து நிற்கும். ‘நீதி’யும் ‘கோடு’ம் ஒற்றை எழுத்துத் துண்டுகளாகச் சிதறி இருந்த சுவடே இல்லாமல் போகும்.

இது ஏன் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை தெரியுமா? தேடும் சொல்லும் அதே கத்தியால்தான் வெட்டப்படுகிறது. ‘மரம்’ இரு பக்கமும் ‘மரம’ ஆகிவிடுவதால் சரியாகக் கிடைக்கும். சோதித்தவர் ‘மரம்’ என்று சோதித்துவிட்டுப் போயிருப்பார்.

எஸ்க்யூலைட்டின் முழு உரைத் தேடலான எஃப்டிஎஸ்5இன் இயல்பு வெட்டியிலும் (உரையைச் சொற்களாக வெட்டும் பகுதி) இதே பிரச்சினை. எழுத்து, எண் ஆகிய வகைகளைத்தான் அது சொல்லின் பகுதியாக எடுக்கும். உயிர்க்குறியும் புள்ளியும் அடங்கிய ஒட்டுக்குறி வகையையும் சேர்க்கச் சொல்லி அட்டவணையை உருவாக்கும்போதே அமைப்பில் எழுத வேண்டும். பைத்தானில் வெற்றிடத்தையும் நிறுத்தக்குறிகளையும் வைத்து வெட்டுங்கள், அல்லது தமிழ் எழுத்துகளின் முழு யூனிகோட் வரம்பையும் வெளிப்படையாகக் கொடுங்கள். லூசீன் என்ற தேடல் நிரல் தொகுப்பின் ஸ்டாண்டர்ட் வெட்டி இந்த விஷயத்தில் ஒழுங்கானது. எலாஸ்டிக்சர்ச்சின் இயல்பு அமைப்பும் அதன்மேல்தான் நிற்கிறது, ஆகவே அங்கே இந்தக் கோளாறு வராது.

தெரிந்த ஆளைக் கூப்பிடும் இடம்: ஃபாண்ட் எதுவென்றே அடையாளம் தெரியாத ஆவணங்கள், கையெழுத்துப் பிரதிகள், மங்கிப்போன ஸ்கேன்கள். இவற்றில் சொந்தமாக மல்லுக்கட்டினால் நேரம்தான் போகும்.

## அறிகுறி 2: ‘மரம்’ கிடைக்கிறது, ‘மரத்தில்’ கிடைப்பதில்லை

இது கோளாறு இல்லை, தமிழ். ஒரு பெயர்ச்சொல் வேற்றுமை, பன்மை, ‘உம்’, ‘ஏ’, ‘தான்’ எல்லாம் சேர்ந்து எத்தனையோ உருவம் எடுக்கும். அவை எல்லாமே தேடுபொறிக்கு வேறு வேறு சொற்கள்.

மலிவான வைத்தியத்தில் தொடங்குங்கள். சொல்லின் கடைசியில் வரும் க், ச், த், ப் ஒற்றை வெட்டிவிடுங்கள். ‘மரத்தைப் பார்த்தான்’ என்பதில் இருக்கும் டோக்கன் ‘மரத்தைப்’. ‘மரத்தை’ என்று தேடுபவருக்கு அது கிடைக்காது. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடிவதில்லை, ஆகவே இந்த வெட்டு ஏறக்குறைய இலவசம். ‘டிராஃபிக்’ மாதிரி இரவல் சொற்கள் ‘டிராஃபி’ ஆகும்தான், ஆனால் இரு பக்கமும் ஆகும், பரவாயில்லை. ஒரே ஒரு வரி நிரலுக்கு இவ்வளவு பலன் தரும் வேறெதையும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது முன்னொட்டுத் தேடல். ‘மர’ என்று தொடங்குவதெல்லாம் வரட்டும் என்று விட்டால் ‘மரத்தில்’ வரும், கூடவே ‘மரபு’, ‘மரணம்’, ‘மரியாதை’ எல்லாம் வரும். சிறிய தொகுப்புக்குத்தான் இது சரி.

மூன்றாவது, விகுதி வெட்டும் ஸ்டெம்மர். ஸ்னோபால் என்ற ஸ்டெம்மர் தொகுப்பில் தமிழுக்கு ஒன்று இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் 12 முதல் அது உள்ளேயே வருகிறது. போடுவதற்கு முன் உங்கள் தொகுப்பில் அடிக்கடி வரும் 200 சொற்களை அதற்குள் செலுத்தி, எவையெவை ஒரே வேராகச் சேர்கின்றன என்று பாருங்கள். விகுதி வெட்டும் எந்த விதிக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. ‘ங்கள்’ என்று முடிந்தால் ‘ம்’ ஆக்கு என்ற விதி ‘மரங்க’ளை ‘மரம்’ ஆக்கும், ‘திங்க’ளைத் ‘திம்’ ஆக்கும். ‘திம்’ என்று வேறு சொல் இல்லாததால் அதனால் நஷ்டமில்லை. ஆனால் ‘ஐ’யை வெட்டும் விதி ‘வேலை’யை ‘வேல்’ ஆக்கும், இரண்டும் உயிருள்ள சொற்கள். அசிங்கமாக வெட்டப்படுவது பிரச்சினை இல்லை, சம்பந்தமில்லாத இரண்டு சொற்கள் ஒன்றாவதுதான் பிரச்சினை. அப்படிப்பட்டவற்றை விலக்குப் பட்டியலில் போடுங்கள்.

வெட்டிய வடிவைத் தனி ஃபீல்டில் வையுங்கள், வெட்டாததைப் பக்கத்திலேயே விட்டுவையுங்கள். வெட்டாததில் பொருந்தினால் அதிக எடை. சரியாக அதே சொல்லைத் தேடியவருக்கு அதுவே மேலே வரும்.

ஆளைக் கூப்பிடும் இடம்: ‘ஆற்றில்’ என்பது ‘ஆறு’, ‘வீட்டுக்கு’ என்பது ‘வீடு’, ‘வந்தவர்களுக்கு’ என்பது ‘வா’ என்ற அளவுக்கு வேண்டுமென்றால், அது உருபனியல் பகுப்பாய்வு, அதாவது சொல்லை வேராகவும் விகுதிகளாகவும் பிரிப்பது. மொழியியல் தெரிந்தவரும் நிரல் எழுதுபவரும் சேர்ந்து உட்கார வேண்டிய வேலை.

## அறிகுறி 3: ஆயிரக்கணக்கில் வருகிறது, வேண்டியது மூன்றாம் பக்கத்தில்

இப்போது ரேங்கிங்கைத் தொடலாம். அதற்கும் முன் ஒரு எளிய சோதனை: நான்கு சொல் கொடுத்தால் நான்கும் இருக்க வேண்டுமா, ஒன்று இருந்தால் போதுமா? எலாஸ்டிக்சர்ச்சின் சாதாரண வினவல் ஒன்று இருந்தாலே எடுத்துவரும். ‘குறைந்தது இத்தனை சொல் பொருந்த வேண்டும்’ என்ற அமைப்பைப் போட்டாலே பாதிக் கூட்டம் கலைந்துவிடும்.

அப்புறம் எக்ஸ்ப்ளெயின் ஜன்னல். வந்திருக்க வேண்டிய ஆவணத்தையும், முதலிடத்தில் உட்கார்ந்திருக்கும் தவறான ஆவணத்தையும் அருகருகே வையுங்கள். எந்த வரியில் எண்கள் பிரிகின்றன என்று பாருங்கள்.

நான் அதிகம் பார்த்த குற்றவாளி, தலைப்புக்கு யாரோ தோராயமாகக் கொடுத்த எடை. ஒரு ஆவணக் கிடங்கில் ‘கதிரியக்க அறிக்கை’ என்று தேடினால் ‘ஆண்டு அறிக்கை’களாகவே வந்தன. கணக்கு இதுதான். 10,000 ஆவணங்களில் 5,000 ஆவணத்தின் தலைப்பில் ‘அறிக்கை’ இருந்தால், லூசீனின் பிஎம்25 என்ற மதிப்பெண் வாய்பாட்டில் அந்தச் சொல் எவ்வளவு அரிது என்பதற்கான மதிப்பு சுமார் 0.69. உள்ளடக்கத்தில் 10 ஆவணங்களில் மட்டும் வரும் ‘கதிரியக்க’ சுமார் 6.86. பத்து மடங்கு வித்தியாசம், அரிய சொல் ஜெயிக்க வேண்டும். ஆனால் தலைப்புக்கு எடை 10 என்று போட்டிருந்தார்கள். 0.69 பத்தால் பெருகி 6.9 ஆகிறது, மற்றதெல்லாம் சமமென்றால் வெற்று ‘அறிக்கை’ முந்திவிடுகிறது. எடையை 2 ஆக்கினோம், தீர்ந்தது.

பொதுவான சொற்களை ஒழிக்கிறேன் என்று நீண்ட விலக்குச் சொல் பட்டியல் போடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. எங்கும் வரும் சொல்லுக்குக் குறைந்த மதிப்பு என்பதைக் தேடல் ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இலேயே முன்வைத்துவிட்டார், பிஎம்25 பயன்படுத்தும் தேடுபொறிகள் அதைத் தானாகவே செய்கின்றன. பட்டியலில் ‘இல்லை’யைப் போட்டுவிட்டால் ‘அனுமதி இல்லை’யும் ‘அனுமதி’யும் ஒன்றாகிவிடும்.

நீள ஆவணங்களும் குட்டி ஆவணங்களும் ஒரே இடத்தில் கலந்திருந்தால் அடுத்த சந்தேகம் அங்கே. பிஎம்25இல் நீளத்துக்கு எவ்வளவு தண்டனை என்பதைச் சொல்லும் ‘பி’யின் இயல்பு மதிப்பு 0.75, சொல் திரும்பத் திரும்ப வருவதற்கான ‘கே1’ 1.2. இவற்றை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் 300 பக்க நூலையும் ஒரு பத்திச் செய்தியையும் எந்த எண்ணும் சமாதானப்படுத்தாது. நூலை அத்தியாயமாகவோ பக்கமாகவோ பிரித்து ஏற்றுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரும் மெனு, அடிக்குறிப்பு, உரிமை அறிவிப்பு எல்லாம் உரையோடு சேர்ந்து ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி 4: ஒரு எழுத்து மாறினால் கைவிரிக்கிறது

‘கணினி’யை ‘கணிணி’ என்று அடிப்பவர்கள் ஏராளம். தட்டுத்தவறைப் பொறுக்கும் தேடலை இயக்கினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். எலாஸ்டிக்சர்ச்சின் தானியங்கி அளவு, 2 எழுத்து வரை மாற்றம் அனுமதிக்காது, 3 முதல் 5 வரை ஒரு மாற்றம், அதற்கு மேல் இரண்டு. தமிழில் இங்கேதான் சிக்கல். ‘வழி’ என்பது கணினிக்கு மூன்று எழுத்து, ஒரு மாற்றம் அனுமதி. ‘வலி’, ‘வளி’, ‘வரி’ எல்லாம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். பாதை தேடியவருக்கு வலி கிடைக்கும்.

ஆகவே குறுஞ்சொற்களுக்கு அதை நிறுத்துங்கள். நேர்ப் பொருத்தத்தில் எதுவும் வராதபோது மட்டும் இரண்டாம் முயற்சியாக ஓடட்டும். ல-ள-ழ, ன-ண-ந, ர-ற குழப்பத்துக்குத் தனி வழி உண்டு. ஒவ்வொரு குழுவையும் ஒரே எழுத்தாக மாற்றிய ஒலிச்சாவி ஃபீல்டு ஒன்றைச் சேர்த்து, அதற்கு மிகக் குறைந்த எடை கொடுங்கள். ‘பள்ளி’யும் ‘பல்லி’யும் அதில் ஒன்றாகும், எடை குறைவு என்பதால் சரியானது மேலேயே நிற்கும்.

‘கம்ப்யூட்டர்’, ‘கணிப்பொறி’, ‘கணினி’ போன்றவை தட்டுத்தவறு இல்லை, இணைச்சொற்கள். இதற்குப் பட்டியல்தான் வழி. இணைச்சொற்களைத் தேடும் நேரத்தில் விரியுங்கள், ஏற்றும் நேரத்தில் வேண்டாம். பட்டியலில் ஒரு வரி சேர்த்ததற்காக முழு இன்டெக்ஸையும் மறுபடி கட்ட வேண்டியிருக்காது. பட்டியலுக்குச் சரக்கு வேண்டுமென்றால், பூஜ்யம் முடிவு வந்த தேடல்களின் லாகை (பதிவேட்டை) வாரம் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அதைவிட நல்ல பட்டியலை எவராலும் உட்கார்ந்த இடத்தில் யோசித்து எழுத முடியாது.

## அறிகுறி 5: நேற்று வரை நன்றாக இருந்தது

யாரோ வெட்டியை அல்லது ஸ்டெம்மரை மாற்றியிருக்கிறார்கள், பழைய ஆவணங்களை மறுபடி ஏற்றவில்லை. புதியவை கிடைக்கும், பழையவை கிடைக்காது. எல்லை எந்தத் தேதியில் விழுகிறது என்று பார்த்தால் யார் எப்போது மாற்றினார் என்பதும் தெரிந்துவிடும். மறு ஏற்றம் தவிர வழியில்லை. புதிய இன்டெக்ஸைப் பக்கத்தில் கட்டி, முடிந்ததும் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.

பதிப்பு உயர்த்தினீர்களா? எலாஸ்டிக்சர்ச் 5.0இல் இயல்பு ஸ்கோர் முறை பிஎம்25க்கு மாறியது. மிகப் பழைய ஒன்றிலிருந்து தாவினால் வரிசை மாறத்தான் செய்யும்.

## அறிகுறி 6: எண்ணிக்கையும் வரிசையும் ஆடுகின்றன

எப்போதும் சரியாக 10,000 முடிவு என்று காட்டுகிறதா? எலாஸ்டிக்சர்ச் 7.0 முதல் அதற்கு மேல் எண்ணுவதில்லை, கேட்டால்தான் எண்ணும். 10,000க்கு அப்பால் பக்கம் புரட்ட முடியாததும் இயல்பு வரம்புதான்.

பக்கத்தைப் புதுப்பித்தால் வரிசை மாறுகிறது என்றால், ஒரே ஸ்கோர் வாங்கிய ஆவணங்கள் இன்டெக்ஸின் வெவ்வேறு நகல்களிலிருந்து வருகின்றன. ஸ்கோருக்கு அடுத்து ஆவண எண்ணையும் வரிசைப்படுத்தும் விதியில் சேருங்கள்.

சிறிய தொகுப்பின் இன்டெக்ஸைப் பல ஷார்டுகளாக (தனித்தனித் துண்டுகளாக) பிரித்திருந்தால் ஒரு சொல் எவ்வளவு அரிது என்ற மதிப்பு ஷார்டுக்கு ஷார்டு மாறி, ஒரே தரமான இரண்டு ஆவணங்கள் வேறு வேறு மதிப்பெண் வாங்கும். சிறிய தொகுப்புக்கு ஒரு ஷார்டு போதும்.

## அறிகுறி 7: வெக்டர் தேடல் பொருளைப் பிடிக்கிறது, பெயரை விடுகிறது

உரையைப் பொருளின்படி எண்வரிசையாக (வெக்டராக) மாற்றி, நெருக்கமானதை எடுத்துவருவது வெக்டர் தேடல். அதில் ஆணை எண்ணையோ ஒரு ஊர்ப்பெயரையோ கொடுத்தால் ‘கிட்டத்தட்ட அதுமாதிரி’ பத்து ஆவணம் வருகிறது, அது மட்டும் வருவதில்லை. அந்த முறையின் சுபாவமே அது. சொல் தேடலையும் பக்கத்தில் ஓட்டி இரண்டு பட்டியலையும் சேருங்கள். சேர்க்க எளிய வழி, ஒவ்வொரு பட்டியலிலும் ஆவணம் பிடித்த இடத்தோடு 60ஐக் கூட்டி, 1ஐ அதால் வகுத்து, வருவதைக் கூட்டுவது. 2009இல் கார்மாக், கிளார்க், பூட்சர் மூவரும் வெளியிட்ட முறை, இன்றைக்கும் எளிதில் தோற்பதில்லை.

பொருளையே பிடிக்கவில்லை என்றால் மூன்று சோதனை. ஆவணத்தையும் கேள்வியையும் ஒரே மாடல்தான் வெக்டராக மாற்றுகிறதா? ஈ5 வகை மாடல் என்றால், கேள்விக்கும் பத்திக்கும் முன்னால் சேர்க்க வேண்டிய அடையாளச் சொற்களைச் சேர்த்தீர்களா? கடைசியாக நீளம். பலமொழி மினிஎல்எம் மாடலின் இயல்பு வரம்பு 128 டோக்கன். இந்த மாடல்கள் தமிழ்ச் சொல்லைப் பல துண்டாக உடைக்கும், எனவே ஒரு பக்கத்தின் முதல் சில வரிகளுக்குப் பின் எதுவுமே உள்ளே போயிருக்காது, எச்சரிக்கையும் வராது. பத்தி பத்தியாகப் பிரித்து ஏற்றுங்கள்.

ஆளைக் கூப்பிடும் இடம்: இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை, மாடலையே உங்கள் ஆவணங்களுக்கு ஏற்றபடி பயிற்ற வேண்டும் என்ற நிலை.

## கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியது

50 தேடல்கள், ஒவ்வொன்றுக்கும் வந்தே தீர வேண்டிய ஆவணங்களின் எண்கள். 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் குழு தேடல் முறைகளைச் சோதித்த வழியும் இதே அடிப்படைதான்: நிலையான ஆவணத் தொகுப்பு, நிலையான கேள்விகள், எது பொருத்தம் என்று மனிதர்கள் சொன்ன தீர்ப்பு. ஒரு விரிதாள் போதும். உண்மையான லாகிலிருந்து எடுங்கள், நீங்களாக யோசித்த தேடல்கள் வேண்டாம். அதில் குறைந்தது பத்து, பூஜ்யம் முடிவு வந்தவையாக இருக்கட்டும். கூடவே இப்போதைய வெட்டி அமைப்பு, ஐந்து ஆவணங்களின் மூலக் கோப்பு, அவற்றிலிருந்து எடுத்த உரை.

இந்த விரிதாள் இல்லாவிட்டால், வருபவர் முதல் சில நாளை இதைத் தயாரிக்கத்தான் செலவழிப்பார். அதுவும், எந்த ஆவணம் வந்தே தீர வேண்டும் என்று உங்களிடமே கேட்டுக் கேட்டு.